என்ஜினில் 'டங்... டங்...' சத்தமா? தொப்பூர் மலை ஏறும் முன் உஷார்!

தர்மபுரி:
சேலத்தில் இருந்து தர்மபுரிக்கு காரில் வருகிறவர்களுக்கு நல்லா தெரியும். தொப்பூர் கணவாய் ஏற்றம் தொடங்கியதும், அதுவரை சத்தமே இல்லாமல் வந்த கார் முக்க ஆரம்பிக்கும். வண்டிக்குள் மறைஞ்சிருக்கிற கோளாறு எல்லாம் இந்த ஏற்றத்தில்தான் வாய் திறக்கும். நம்ம ஆட்கள் பலர் என்ன செய்கிறார்கள்? பாட்டு சத்தத்தை கூட்டி வைத்துவிட்டு போய்க்கொண்டே இருக்கிறார்கள். அங்கதான் ஆபத்து.

எந்த சத்தத்தோடு மெக்கானிக் ஷாப் வரை ஓட்டலாம், எந்த சத்தத்துக்கு அந்த இடத்திலேயே நிறுத்தணும் என்று தெரிஞ்சுக்கிட்டா போதும். சில நூறு ரூபாயில் முடியற வேலை பல ஆயிரத்துக்கு போகாது.

சத்தம் எங்கிருந்து?

நின்ற இடத்திலேயே ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து லேசாக ஆக்சிலேட்டர் கொடுங்க. கொடுக்க கொடுக்க சத்தம் கூடினால் கோளாறு என்ஜின் பக்கம். நிற்கும்போது சத்தம் இல்லை, ஓடும்போது மட்டும் வருகிறது என்றால் வீல் பேரிங், டயர், பிரேக் பக்கம் பார்க்கணும்.

கிளட்சை மிதித்ததும் சத்தம் வந்தால் கிளட்ச் பேரிங். மிதித்ததும் சத்தம் நின்றுவிட்டால் கியர் பாக்ஸ் பேரிங் மேல் சந்தேகம்.

'கிரீச்' சத்தம்

காலையில் ஸ்டார்ட் செய்யும்போதோ, ஏ.சி. போடும்போதோ 'கிரீச்' என்று கத்தினால் பெரும்பாலும் பெல்ட்தான். தளர்ந்திருக்கும் அல்லது தேய்ந்து வழவழப்பாகி இருக்கும். சின்ன விஷயம்தானே என்று விட்டால், பெல்ட் அறுந்து பேட்டரி சார்ஜ் ஏறாது. சில கார்களில் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடும். அது நின்றால் என்ஜின் கொதித்துவிடும்.

பானெட்டை திறந்து பார்க்கும்போது துண்டு, துப்பட்டா, சட்டைக் கை எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. கையால் தொடுவதாக இருந்தால் என்ஜினை அணைத்துவிட்டுத்தான் தொடணும்.

'டிக் டிக்' சத்தம்

என்ஜின் மேல் பக்கம் தையல் மெஷின் ஓடுற மாதிரி 'டிக் டிக்' என்று வந்தால் டேப்பட் சத்தமாக இருக்கலாம். முதலில் ஆயில் அளவை பாருங்க. வண்டியை சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, 10 நிமிடம் கழித்து ஆயில் கம்பியை உருவி துடைத்து மறுபடி விட்டு எடுங்க. கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் ஆயில் இருக்கணும். ஆயில் சரியாக இருந்தும் சத்தம் போகவில்லை என்றால் மெக்கானிக்கிடம் காட்டி டேப்பட் அட்ஜஸ்ட் செய்யணும்.

கூழாங்கல் குலுக்குற சத்தம்

தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு குலுக்குற மாதிரி, மலை ஏறும்போது மட்டும் வருதா? இதை 'நாக்கிங்' என்பார்கள். பெரிய கியரில் வைத்து ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிப்பது, என்ஜின் சூடு, உள்ளே படிந்த கரி, தரமில்லாத பெட்ரோல் என்று காரணம் பல. உடனே ஒரு கியர் குறைச்சு, மிதியையும் குறைங்க. தொடர்ந்து விட்டால் பிஸ்டனே ஓட்டை விழும். டீசல் வண்டிக்கு 'கடகட' இயல்பு. பழகின சத்தம் மாறினால்தான் கவலை.

சூட்டு முள் மேலே ஏறினால் ஓரமாக நிறுத்துங்க. சூடு ஆறாமல் ரேடியேட்டர் மூடியை திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

'டங் டங்' - உடனே நிறுத்துங்க!

என்ஜின் அடியில் சுத்தியலால் அடிக்கிற மாதிரி கனமான சத்தம் வந்தால் ராடு பேரிங் போயிருக்கலாம். அதோடு ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கும் எரிந்தால் ஒரு கிலோ மீட்டர் கூட ஓட்டாதீங்க. ஓரம் கட்டி என்ஜினை அணைத்துவிட்டு, வண்டியை கட்டி இழுத்துப் போவதுதான் லாபம். ஓட்டினால் கிராங்க் வரை போய், என்ஜினை இறக்கி வேலை பார்க்கணும்.

இறக்கத்தில் சத்தம் நல்லது!

இது தர்மபுரியில் இருந்து சேலம் போகிறவர்களுக்கு. தொப்பூர் இறக்கத்தில் 2-வது, 3-வது கியரில் வந்தால் என்ஜின் 'உய்ய்ங்' என்று இரையும். அது கோளாறு இல்லை. வண்டியை என்ஜின் பிடித்து நிறுத்துற சத்தம். அந்த இரைச்சலுக்கு பயந்தும், எரிபொருள் மிச்சம் என்று நினைத்தும் நியூட்ரலில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நியூட்ரலில் விட்டால் முழு பாரமும் பிரேக் மேல் விழும். பிரேக் சூடேறி பிடிக்காமல் போகும். என்ஜினையே அணைத்தால் பிரேக் கல்லு மாதிரி ஆகிவிடும், ஸ்டீரிங்கும் இறுகும். மிச்சமும் கிடையாது. இப்போதுள்ள இன்ஜெக்ஷன் கார்களில், கியரில் வைத்து ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து இறங்கினாலே எரிபொருள் போவது தானாக நின்றுவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் ஓட எரிபொருள் செலவாகும்.

2020 டிசம்பர் 12-ந் தேதி இந்த கணவாயில் லாரி ஒன்று பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் மீது மோதியதில் 4 பேர் பலியானார்கள். 2024 ஜனவரி 24-ந் தேதி நடந்த விபத்திலும் 4 உயிர் போனது. நியூட்ரலில் இறங்காதீங்க என்று போலீசார் திரும்பத் திரும்ப எச்சரிப்பது சும்மா இல்லை.

மெக்கானிக்கிடம் எப்படி சொல்வது?

'சத்தம் வருது' என்று மட்டும் சொன்னால் அவர் தேடியே நேரம் போகும், கூலியும் கூடும். காலையிலா, சூடான பிறகா, ஏற்றத்திலா, ஏ.சி. போட்டாலா என்று சொல்லுங்க. முடிந்தால் செல்போனில் சத்தத்தை பதிவு செய்து கேட்க வையுங்க.

ஒகேனக்கலோ, வத்தல்மலையோ, தொப்பூரோ... மலைப் பாதையில் ஏறும் முன் ஒரு நிமிடம் பாட்டை நிறுத்திவிட்டு என்ஜினை கேளுங்க. காரில் இருப்பது உங்க குடும்பம்.