பறங்கிக் கொடியைப் பிடுங்காதீர்கள்!

"கொடி என்னமோ காடு மாதிரி ஓடுது, ஒரு காயைக் காணோமே!" கொல்லையில் பறங்கி போட்ட பெண்கள் என்றைக்காவது ஒரு நாள் இப்படி அலுத்துக் கொள்ளாமல் இருக்க மாட்டார்கள். உடனே யாராவது ஒரு பெரியவர் வந்து, "இது ஆண் கொடி, காய்க்காது. பிடுங்கிப் போடு" என்பார். கொடியோடு போனால் பரவாயில்லை. சில வீடுகளில் விதை ஊன்றிய பெண்ணின் கைராசி வரைக்கும் பேச்சு போய்விடும்.

எங்கள் எறையூர், பெரம்பலூர் மாவட்டத்தில் சர்க்கரை ஆலை இருக்கிற ஊர். சுற்றுவட்டாரத்தில் கரும்பு, பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் எல்லாம் விளைகிறது. வயலை அவ்வளவு கவனிக்கிற நாம், வீட்டுக் கொடியை மட்டும் "அது பாட்டுக்குக் காய்க்கும்" என்று விட்டுவிடுகிறோம்.

எங்கள் தெருவுக்குக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி ஒரு நாள் என்னிடம் கண் கலங்கினாள். "அக்கா, நான் ஊன்றின கொடி பூவாப் பூக்குது, காயே நிக்கலை. உன் கைக்கு ராசியில்லைன்னு எங்க அத்தை சொல்றாங்க. ரெண்டு வருஷமா குழந்தை இல்லாததையும் சேர்த்தே சொல்றாங்க" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் விடியற்காலையிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு கொடியண்டை போனேன்.

ஆண் பூ எது, பெண் பூ எது?

ஆண் கொடி என்று தனியாக ஒன்று கிடையாது, சகோதரிகளே! ஒரே கொடியில்தான் இரண்டு பூவும் பூக்கின்றன. நீளமான ஒல்லிக் காம்பில் நிற்பது ஆண் பூ. குட்டைக் காம்பும், பூவுக்கு அடியில் கோலிக்குண்டு போலப் பிஞ்சும் இருந்தால் அது பெண் பூ. முதலில் ஆண் பூக்கள்தான் வரும். பெண் பூக்கள் சில நாள் கழித்தே வரும். அந்தச் சில நாளில்தான் பலர் அவசரப்பட்டுக் கொடியைப் பிடுங்குகிறார்கள்.

பூ விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறினால் வாடிவிடும். அதற்குள் தேனீ வந்து மகரந்தத்தைச் சேர்க்க வேண்டும். சேராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். வயல்களில் பூச்சிமருந்து அடிக்கிற இடங்களில் தேனீ குறைந்துபோகிறது. அங்கே நாமே தேனீயாக வேண்டியதுதான்! காலை எட்டு மணிக்குள் அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவில் உள்ள மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். அவ்வளவுதான்.

அவளும் அப்படியே செய்தாள். ஒரு வாரத்தில் பிஞ்சு ஊறி, கோழிமுட்டையைவிடப் பெரிதாக நின்றது. அந்த அம்மாள் வாயடைத்துப் போனார். "காய்க்க ரெண்டு பூவும் வேணும் பெரியம்மா. குழந்தை விஷயத்திலும் அப்படித்தான். மகனையும் மருமகளையும் சேர்த்தே டாக்டரிடம் அனுப்புங்க" என்றேன். முகம் சுளித்தாலும், அனுப்பி வைத்தார்.

கொடியை அடக்குவது எப்படி?

பிஞ்சு பிடித்த பிறகுதான் கொடிக்கு அடக்கம் வேண்டும். 2025-இல் இங்கிலாந்தில் இயான் பேட்டன், ஸ்டூவர்ட் பேட்டன் என்ற இரட்டைச் சகோதரர்கள் வளர்த்த பூசணி 1,278.8 கிலோ எடை நின்று உலக சாதனை ஆனது. ஒரு சின்னக் காரைவிடக் கனம்! அது வேறு இனம். கனடா நாட்டு ஹோவர்ட் டில் உருவாக்கிய 'அட்லாண்டிக் ஜெயண்ட்' வழியில் வந்தது. நம் பறங்கி அவ்வளவு பெருக்காது. ஆனால் ராட்சசக் காய் வளர்ப்பவர்களின் வழிமுறை நமக்கும் உதவும்.

அவர்கள் தாய்க்கொடியை நேராக ஓட விடுகிறார்கள். அதிலிருந்து இரு பக்கமும் கிளைக்கும் கொடிகளை ஓரளவு வளர்ந்ததும் நுனி கிள்ளுகிறார்கள். கிளையிலிருந்து வரும் பேரக்கொடிகளை முளையிலேயே எடுத்துவிடுகிறார்கள். கணுக்களின் மேல் மண் அணைத்தால் அங்கேயும் வேர் பிடித்து, கொடிக்குக் கூடுதல் ஆகாரம் கிடைக்கும். கடைசியில் ஒரே ஒரு காயை மட்டும் விடுகிறார்கள்.

நமக்கு ஒரே காய் போதுமா? குடும்பத்துக்கு நாலைந்து காய் வேண்டாமா? அதனால் கோணலாகவும் சொத்தையாகவும் இருக்கும் பிஞ்சுகளை மட்டும் எடுத்துவிட்டு, நல்லவற்றை விடுங்கள். காய்க்கடியில் வைக்கோல் பரப்பினால் ஈரத்தில் அழுகாது. காயை அடிக்கடி புரட்டாதீர்கள், காம்பு முறிந்துவிடும்.

எந்த விதை, எப்போது?

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகத்தில் காய் 7 முதல் 8 கிலோ வரை வரும். வயது 175 நாள். ஆடி முதல் வாரத்தில் ஊன்றினால் பொங்கல் கூட்டுக்குச் சரியாக இருக்கும். சின்னக் குடும்பத்துக்குக் கோ 2 நல்லது. 135 நாள்தான், காயும் ஒன்றரை முதல் இரண்டு கிலோ. குழிக்குக் குழி இரண்டு மீட்டர் இடைவெளி விடுங்கள்.

பறங்கியின் மஞ்சள் நிறத்தில்தான் கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ சத்தாக மாறும் கரோட்டின் இருக்கிறது. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு வேகவைத்து மசித்து, சொட்டு நெய் விட்டு ஊட்டலாம். நெய் சேர்ந்தால் அந்தச் சத்து உடம்பில் நன்றாக ஒட்டும். முற்றிய காயைக் காம்போடு அறுத்துக் காற்றோட்டமாக வைத்தால் பல வாரம் கெடாது.

மார்கழியில் கோலத்தில் வைக்கப் பூ பறிக்க வரும் பெண் குழந்தைகளை விரட்டாதீர்கள். நீளக் காம்புப் பூவை மட்டும் பறிக்கச் சொல்லிக் கொடுங்கள். வாசலுக்குப் பூவும் ஆச்சு, அடுப்புக்குக் காயும் ஆச்சு!