ஜாவினுலும் சூசையும்

ஜோ ஜாவினுல் 1932இல் வியன்னாவில் பிறந்து, 2007இல் அங்கேயே மறைந்த ஜாஸ் கலைஞர். 1970இல் வெய்ன் ஷார்ட்டரோடு சேர்ந்து ‘வெதர் ரிப்போர்ட்’ குழுவைத் தொடங்கியவர். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பெயரிலேயே பேனா நின்றுவிடுகிறது. ஜாவினுலா, ஸாவினுலா? ஜெர்மன் வாயில் அந்த முதலெழுத்து ‘ட்ஸ’. பிறப்பில் அவர் யோசெஃப்; 1959இல் அமெரிக்கா போனவர், ஜோவாகவே அறியப்பட்டார்.

“எப்படி எழுதினா என்னப்பா, வாசிப்பு ஒண்ணுதானே” என்றார் நண்பர். ஒண்ணுதான். ஆனால் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் இதே யோசெஃபுக்கு எத்தனை வடிவங்கள்! போர்ச்சுக்கீசியர் வழி வந்தது சூசை. விவிலியத் தமிழில் யோசேப்பு. ஆங்கிலத்தின் வழி ஜோசப். மதுரை மிஷனில் பணியாற்றிய இத்தாலியர் பெஸ்கி, தேம்பாவணியில் வளன் என்றார். அவரே நமக்கு வீரமாமுனிவர். ஒவ்வொரு வடிவமும் அந்தப் பெயர் யார் வாய்வழி வந்தது என்பதன் பதிவு. பிழை அல்ல.

பிழையாக்குவது அதிகாரம். ரேஷன் கார்டில் சூசை, பத்திரத்தில் யோசேப்பு என்றிருந்த எங்கள் தெருப் பெரியவரை, “ரெண்டும் ஒரே ஆள்னு எழுதி வாங்கிட்டு வா” என்று மாதக்கணக்கில் அலையவிட்டது ஓர் அலுவலகம். கலைஞனுக்கு நாலு பெயர் இருந்தால் சுவையான தகவல். கூலிக்காரனுக்கு ரெண்டு இருந்தால் சந்தேகம்.

நான் ஜாவினுல் என்றே எழுதுகிறேன். நீங்கள் வேறு மாதிரி எழுதினால் திருத்த மாட்டேன்.