கோத்தர் பேச்சு உடைஞ்ச தமிழா?

ஸ்மித்தி ஷாப்பில் இரும்பைக் காய்ச்சித் தட்டுவதற்குள் நமக்குக் கை காய்த்துவிடுகிறது. நீலகிரியில் அதைப் பரம்பரைத் தொழிலாகவே செய்தவர்கள் கோத்தர்கள். தோடருக்கும் படகருக்கும் கத்தி, கோடாலி, சட்டி பானை செய்து கொடுத்தார்கள். அவர்கள் வீட்டுச் சாவுக்கு மேளமும் வாசித்தார்கள். மொத்தம் ஏழே ஊர். ஆள் இரண்டாயிரம் தேறினால் அதிகம். எங்க வியாசர்பாடியில் நாலு தெருவில் அடங்கிடும்.

அவர்கள் பாஷையை உடைஞ்ச தமிழ் என்று சிலர் சொல்வதுண்டு. (எங்க ஏரியாப் பேச்சையும் அப்படித்தான் சொல்றாங்க.) அது தப்பு. ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம்.

நாம் 'செவி' என்கிறோம். கோத்தர் 'கெவ்' என்பார்கள். கன்னடத்தில் 'கிவி'. ஆதியில் எல்லோருக்கும் 'க'தான். பின்னால் இ, எ வந்தால் நாக்கு முன்னே நகர்ந்து, 'க' நம் வாயில் 'ச' ஆனது. நம்ம சிவப்பு கன்னடத்தில் இன்னும் கெம்புதான்.

"அப்போ கிளி ஏன் சிளி ஆகலை?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! அடுத்து ட, ண, ள, ழ வந்தால் நாக்கு பின்னால் மடங்குகிறது, மாற்றம் நின்றுவிடுகிறது. கெடு, கிணறு, கிளி, கிழவன் எல்லாம் அப்படித் தப்பித்தவை. (செடி மாதிரி அடங்காததும் உண்டு.) தெலுங்கில் அந்த பிரேக்கே கிடையாது. கெடு அங்கே 'செடு', கிளி 'சிலுக'. அதாவது தெலுங்கு தனியாக மாறியது, நாம் தனியாக மாறினோம்.

மலையாளத்திலும் 'செவி'தான், நம்மோடு சேர்ந்து மாறிய மொழி அது. கோத்தரும் தோடரும் இந்த மாற்றம் வருவதற்கு முன்பே பிரிந்து போனவர்கள். அதனால் பழைய 'க' அவர்களிடம் தங்கிவிட்டது. வேறு விதத்தில் அவர்களும் மாறித்தான் இருக்கிறார்கள். 'கெவ்' என்பதில் கடைசி உயிரெழுத்தைக் காணோம் பாருங்கள்.

இந்த பாஷைக்குப் பழைய எழுத்து கிடையாது. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி ஆராய்ந்த எமனோ என்பவர்தான் கோத்தர் கதைகளைக் கேட்டு எழுதி 1944-46இல் வெளியிட்டார். 1961இல் பர்ரோவோடு சேர்ந்து அவர் போட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில் தமிழுக்குப் பக்கத்திலேயே கோத்தர் சொல்லும் நிற்கிறது.

அழியும் ஆபத்து மிக அதிகம் என்று யுனெஸ்கோ குறித்த மொழிகளில் இதுவும் ஒன்று. அங்கே பிள்ளைகள் படிப்பது தமிழிலும் இங்கிலீஷிலும்தான். பரீட்சையில் 'கெவ்' என்று எழுதினால் மார்க் கிடையாது. 'இட்டுக்கினு' என்று எழுதி நானும் மார்க் விட்டிருக்கிறேன். ஆனால் என் பேச்சைப் பேச வடசென்னையே இருக்கு.