தொலையாத 69 ஜிபி

1 டிபி என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்ட ஹார்ட் டிஸ்க்கை வாங்கி விண்டோஸ் கணினியில் செருகினால், திரை 931 ஜிபி என்றுதான் காட்டும். மிச்சம் 69 ஜிபியைக் கம்பெனிக்காரன் விழுங்கிவிட்டான் என்பார்கள்; ஃபார்மேட் செய்ததில் போய்விட்டது என்று கடைக்காரர் சமாதானம் சொல்வார். இரண்டும் சரியல்ல. அந்த டிஸ்க்கின் மேல் ரைட் கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ பகுதியைத் திறந்தால், 931 ஜிபிக்குப் பக்கத்திலேயே மொத்த பைட் எண்ணிக்கையும் இருக்கும். அது ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி, அதாவது 1-க்குப் பின் 12 சைபர். காசு கொடுத்த அளவு முழுசாகக் கைக்கு வந்திருக்கிறது. தவறு, விண்டோஸ் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் போடும் அலகின் பெயரில்தான் இருக்கிறது.

கிலோ என்றால் 1000, மெகா என்றால் 10 லட்சம், கிகா என்றால் 100 கோடி. கிலோகிராமுக்கும் மெகாவாட்டுக்கும் இதே கணக்குதான். ஆனால் கணினியின் ரேம் நினைவகம் இரண்டின் அடுக்குகளில் வளர்கிறது. ஒரு முகவரிக் கம்பி கூடினால் கொள்ளளவு இரட்டிப்பாகும். 1000-க்கு மிக அருகில் இருந்த அடுக்கு 1024. அதனால் அதையே ‘கிலோ’ என்று அழைத்துப் பழகிவிட்டார்கள். கிலோ அளவில் பிழை 2.4 சதவீதம் மட்டுமே என்பதால் அன்று யாருக்கும் உறுத்தவில்லை. ஒவ்வொரு படியிலும் அது பெருகுகிறது: இரண்டின் அடுக்கில் எண்ணும் ‘ஜிபி’ 107,37,41,824 பைட், அதாவது 7.4 சதவீதம் அதிகம். டிபியில் வித்தியாசம் 10 சதவீதத்தைத் தொடுகிறது. இரண்டு கணக்கையும் கலந்தவர்களும் உண்டு. பழைய 1.44 எம்பி ஃபிளாப்பியில் இருந்தது 1440 × 1024, அதாவது 14,74,560 பைட். எந்தக் கணக்கின்படியும் அது 1.44 எம்பி ஆகாது!

கணினிக்கு இயல்பானது 1024 தானே, டிஸ்க் கம்பெனிகள் விற்பனைக்காக 1000-ஐப் பிடித்துக்கொண்டன என்பது பலமான வாதம். அமெரிக்காவில் இதை வைத்து வழக்கே நடந்து, 2006-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் சமரசத்துக்கு வந்தது. ஆனால் ரேமுக்கு இருக்கும் அந்தக் கட்டாயம் ஹார்ட் டிஸ்க்குக்கு இல்லை. தகட்டில் எத்தனை செக்டர் பிடிக்குமோ அத்தனை. அந்த எண்ணிக்கை இரண்டின் அடுக்காக இருக்க வேண்டியதில்லை. 1956-ல் ஐபிஎம் வெளியிட்ட முதல் டிஸ்க்கின் கொள்ளளவே 50 லட்சம் எழுத்துகள் என்று பத்தின் கணக்கில்தான் சொல்லப்பட்டது. ஆக இது பின்னால் புகுத்திய தந்திரம் அல்ல.

1998-லேயே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்கு கிபி (kibi), மெபி (mebi), கிபி (gibi), டெபி (tebi) என்று ஒலிக்கும் தனிப் பெயர்களை வகுத்தது. வாயில் நுழையாத பெயர்கள் என்ற குறை நியாயமானதே. கடையில் யாரும் ‘ஒரு டெபிபைட் கொடுங்கள்’ என்று கேட்கப் போவதில்லை, கேட்கவும் வேண்டாம். திரையில் சரியாக எழுதினால் போதும். 2009-ல் ஆப்பிள் தன் மேக் இயங்குதளத்தின் ‘ஸ்னோ லெப்பர்ட்’ பதிப்பில், திரையில் காட்டும் கொள்ளளவைப் பத்தின் கணக்குக்கு மாற்றியது. அதே 1 டிபி டிஸ்க் மேக்கில் 1 டிபி என்றே தெரிகிறது. விண்டோஸும் மாறும்வரை, பெட்டியில் உள்ள ஜிபியை 0.931-ஆல் பெருக்கினால் திரையில் வரப்போகும் எண் வாங்கும் முன்பே தெரிந்துவிடும்: 500 என்றால் 465.