நிலவைப் பார்த்து வரும் பெருநாள்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கிழமை உரையைக் கேட்ட சைவ நேயர் ஒருவர் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். "உங்கள் நத்தார் ஆண்டுதோறும் டிசம்பர் 25 ஆந் திகதி தவறாமல் வருகிறது. உயிர்த்த ஞாயிறு மட்டும் ஒரு வருஷம் மார்ச்சிலும் இன்னொரு வருஷம் ஏப்ரலிலும் வருகிறதே, அது ஏன்?" என்று கேட்டிருந்தார். சிறிய கேள்விதான். ஆனால் பதில் சொல்லப் புகுந்தால் கத்தோலிக்க ஆண்டு முழுவதையும், அதை ஒட்டி நம் மண்ணில் வளர்ந்த தமிழையும் தொடாமல் முடியாது. ஆகவே இன்றைய உரையை அந்தக் கடிதத்துக்கே ஒதுக்குகிறேன்.

இதே கேள்வியைச் சிறுவயதில் நான் என் அம்மம்மாவிடம் கேட்டதுண்டு. யாழ்ப்பாணத்துக் கரையோரக் கிராமமொன்றில் வாழ்ந்தவர் அவர். எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்குத்தான் படிப்பு. "நிலவைப் பார், பிள்ளை. பெரிய கிழமை நிலவோடைதான் வரும். பெரிய வியாழன் இரவு இருட்டாய்க் கிடந்ததை நான் என்ரை வயசுக்குக் காணேல்லை" என்றார்.

பின்னாளில் புத்தகங்களைப் புரட்டியபோது அவர் சொன்னது சரியென்று கண்டேன். இயேசுநாதர் பாடுபட்டது யூதர்களுடைய பாஸ்காப் பண்டிகைக் காலத்தில். யூதர்களின் மாதக் கணக்கு சந்திரனைக் கொண்டது; பாஸ்கா பூரணையை ஒட்டி வருவது. எனவே, உயிர்த்த பெருநாளும் பூரணையை விட்டு விலக முடியாது. 325 ஆம் ஆண்டில் கூடிய நிசேயா சங்கம் எல்லாச் சபைகளும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இப்பெருநாளைக் கொண்டாட வேண்டும் என்று தீர்மானித்தது. அதன்வழி வந்த விதி இதுதான்: மார்ச் 21 ஆந் திகதியன்றோ அதற்குப் பின்னரோ வரும் முதற் பூரணையை அடுத்த ஞாயிறே உயிர்த்த ஞாயிறு. இந்தப் பூரணை திருச்சபையின் அட்டவணைப்படி கணிக்கப்படுவதால், நமது போயா தினத்துடன் ஒரு நாள் முன்பின் ஆவதுண்டு. இவ்விதியின்படி பெருநாள் மார்ச் 22 க்கு முன்னும் வராது, ஏப்ரல் 25 க்குப் பின்னும் வராது. அந்தக் கடைசித் திகதி 1943 இல் வந்தது. இனி 2038 இல் வரும். பங்குனி உத்தரத்தைப் பூரணை பார்த்துக் கொண்டாடும் நேயருக்கு இதை நான் மேலும் விளக்கத் தேவையில்லை.

ஆக, கத்தோலிக்க ஆண்டில் இரண்டு கணக்குகள் கூடவே ஓடுகின்றன. ஒன்று சூரியனைக் கொண்டது, திகதி மாறாதது. டிசம்பர் 25 நத்தார். அதற்குச் சரியாக ஒன்பது மாதம் முன்னதாக, மார்ச் 25 இல், கபிரியேல் சம்மனசு கன்னிமரியாளுக்குத் தூது சொன்ன மங்களவார்த்தைத் திருநாள். டிசம்பர் 8 இல் மாதா அமலோற்பவியாய்க் கருவான திருநாள்; ஒன்பது மாதம் கழித்து செப்டெம்பர் 8 இல் அவர் பிறந்த திருநாள். ஒரு வீட்டில் பிள்ளைப்பேற்றுக்கு நாள் எண்ணுவதுபோலவே இந்தக் கணக்கு அமைந்திருக்கிறது. மற்றது சந்திரனைக் கொண்டது. உயிர்த்த ஞாயிற்றிலிருந்து பின்னோக்கி 46 நாள் எண்ணினால் விபூதிப் புதன். முன்னோக்கி நாற்பதாம் நாள் ஆண்டவர் பரலோகத்துக்கு எழுந்தருளிய திருநாள். ஐம்பதாம் நாள் பெந்தக்கோஸ்து. இவ்விரண்டுக்கும் இடையே அப்போஸ்தலர்கள் செபத்தில் காத்திருந்த நாட்களே இன்று ஒவ்வொரு கோயிற் திருநாளுக்கும் முன்னர் நடக்கும் ஒன்பது நாள் நவநாளுக்கு முன்மாதிரி.

இனி இந்த ஆண்டின் வழியே ஒருமுறை நடந்து வருவோம்.

நவம்பர் 30 அந்திரேயர் திருநாள். அதற்கு மிகக் கிட்டிய ஞாயிற்றிலே திருச்சபையின் புத்தாண்டு தொடங்குகிறது. ஜனவரி முதலாந் திகதி அல்ல. நான்கு ஞாயிறுகள் கொண்ட இந்தத் திருவருகைக் காலத்தில் குருவானவரின் உடுப்பு ஊதா நிறம். பிறகு நத்தார். அந்தப் பெயரே போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். 'பிறப்பு' என்பதே பொருள். ஜனவரி 6 மூவிராசாக்கள் திருநாள். மன்னார்ப் பகுதியில் மூவிராசாக்களின் கதை கூத்தாகவே ஆடப்பட்டு வந்தது. மன்னார்க் கூத்துப் பிரதிகள் சிலவற்றைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களில் பதிப்பித்து அச்சேற்றியிராவிட்டால் அவை ஏட்டோடு போயிருக்கும்.

அடுத்து தபசுகாலம். இப்போது தவக்காலம் என்கிறோம். சென்ற ஆண்டின் குருத்தோலைகளை எரித்த சாம்பலே விபூதிப் புதனன்று நெற்றியில் இடப்படும். எங்கள் வீட்டில் அந்த ஓலைச் சிலுவை ஓராண்டு காலம் சுரூபத்தின் பின்னே செருகிக் கிடந்து, காய்ந்து, பின் கோயிலுக்குத் திரும்பும். அம்மம்மா ஒருசந்தி பிடிப்பார், வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம். ஊரில் கலியாண வீடு இல்லை, மேளச் சத்தம் இல்லை. ஞாயிறுகளைக் கழித்து எண்ணினால்தான் நாற்பது நாள் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்த நாற்பது நாட்களுக்கென்றே ஒரு நூல் இருந்தது. வியாகுலப் பிரசங்கம். எழுதியவர் கோவையிலே, அதாவது கோவாவிலே, 1676 இல் பிறந்து 1705 இல் இலங்கைக்கு வந்து, 1742 இல் இங்கேயே காலமான யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி. சாங்கோபாங்க சுவாமி என்று தமிழர் அவரை அழைத்தனர். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை விலக்கி வைத்திருந்த காலம் அது. 1687 இல் பிச்சைக்காரக் கோலத்தில் வந்திறங்கிய யோசேவாஸ் முனிவருக்குப் பின்னே வந்தவர்களில் இவரும் ஒருவர். 1689 ஆம் ஆண்டு நத்தார் இரவில், யாழ்ப்பாணத்தில் பூசைக்காகக் கத்தோலிக்கர் கூடியிருந்த வீடுகளை ஒல்லாந்தச் சிப்பாய்கள் முற்றுகையிட்டனர். திருநாள் எந்த நாள் என்பது பிடிக்க வருபவனுக்கும் தெரிந்திருந்தது. குருவானவர் வந்து போகும் இடைக்காலத்தில் சனங்கள் தாங்களே கூடி வாசிக்கவும் பாடவும் தக்க நூல்கள் அவர்களுக்குத் தேவைப்பட்டன. கொன்சால்வெஸ் சுவாமி தமிழிலும் சிங்களத்திலும் அவற்றை எழுதிக் கொடுத்தார். சிங்களக் கத்தோலிக்கர் தபசுகாலத்தில் பாடும் பசான் மரபும் அவர் கையாலேயே வளம் பெற்றது.

எங்கள் ஊரில் வியாகுலப் பிரசங்கத்தை ஒருவர் வெறுமனே வாசிப்பதில்லை. இழுத்து, இறக்கி, இடையிடையே மூச்சு நிறுத்தி வாசிப்பார். மகனை இழந்த தாய் பேசும் இடம் வரும்போது, செத்தவீட்டில் நம் பெண்கள் ஒப்புச் சொல்லும் அதே குரல் எழும். கோயிலில் இருக்கும் பெண்கள் அழுவார்கள். கடலில் கணவனைப் பறிகொடுத்தவளும் அங்கே இருப்பாள். அவள் யாருக்காக அழுகிறாள் என்று யாரும் கேட்பதில்லை.

பெரிய வியாழன் இரவோடு கோயில் மணி மௌனமாகும். அதற்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் திருவுடலை ஆசந்தியில் வைத்துச் சுற்றி வருவார்கள். திருப்பாடுகளின் காட்சிகளைச் சுரூபங்களைக் கொண்டு நடத்தும் உடக்குப் பாஸ் மன்னாரின் பேசாலையில் பெயர்பெற்றது. மனிதர் நடிக்கும் திருப்பாடுகளின் நாடகத்தை 1965 இல் தோன்றிய திருமறைக் கலாமன்றம் யாழ்ப்பாணத்தில் பெருங்கலையாக வளர்த்தது. சனி இரவு இருளில் புது நெருப்பு மூட்டிப் பாஸ்காத் திரி ஏற்றி, மணிகள் ஒலிக்க, நாற்பது நாள் நிறுத்தியிருந்த அல்லேலூயாவை மீண்டும் பாடுவார்கள்.

அதன் பின்னே சோளகக் காற்றின் காலம் முழுவதும் பாதுகாவலர் திருநாள்கள். யூன் 13 அந்தோனியார், யூன் மாதம் திரு இருதயத்துக்கு உரியது, யூலை 25 யாகப்பர், 26 அன்னம்மாள். கொடியேற்றம், நவநாள், முதல்நாள் மாலை வேஸ்பர், மறுநாள் பெரிய பூசை, சுரூபப் பவனி என ஒவ்வொரு ஊரும் முறை வைத்துக் கொண்டாடும். 2019 ஏப்ரல் 21 ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்ததை நாடே அறியும். அதே கோயில் 52 நாட்களின் பின், யூன் 12 இல், மீண்டும் திறக்கப்பட்டது. மறுநாள் அந்தோனியார் திருநாள். அந்த நாளைத் தவறவிடக் கூடாது என்ற எண்ணம் அங்கிருந்தவர்களுக்கு இருந்திருக்க வேண்டும்.

யூலை 2 மடுமாதாவின் ஆடித் திருவிழா. இதில் ஒரு செய்தி உண்டு. முன்பு மாதா எலிசபெத்தம்மாளைச் சந்தித்த திருநாள் யூலை 2 ஆகத்தான் இருந்தது. 1969 இல் திருவழிபாட்டுக் கலண்டரைத் திருத்தியபோது அதை மே 31 க்கு மாற்றினார்கள். உலகம் மாறிற்று, மடு மாறவில்லை. 1924 யூலை 2 இல் முடிசூட்டப்பட்ட தாயின் திருநாளை நமது சனம் அதே நாளிலேயே வைத்துக்கொண்டது. ஒல்லாந்தருக்கு அஞ்சி 1670 அளவில் மாந்தையிலிருந்து சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போன குடும்பங்களின் கதையோடு தொடங்கிய கோயில் அது. 2008 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறு கழிந்து இரண்டு கிழமைகூட ஆகாத நிலையில், சண்டைக்கு நடுவே அந்தச் சுரூபம் மறுபடியும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போய், ஓகஸ்டில் திரும்பிவந்தது.

ஓகஸ்ட் 15 மாதா மோட்சத்துக்கு எழுந்தருளிய திருநாள். மடுவில் அது ஆவணித் திருவிழா. ஒக்டோபர் செபமாலை மாதம். நவம்பர் முதலாந் திகதி சகல அர்ச்சியசிஷ்டர் திருநாள். இரண்டாந் திகதி ஆத்துமாக்கள் திருநாள். அன்று சேமக்காலையில் ஒவ்வொரு கல்லறையிலும் மெழுகுதிரி எரியும்.

1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவை யாழ்ப்பாணத்தவர் எவரும் மறக்க மாட்டார்கள். வலிகாமம் முழுவதும் மழையில் நனைந்தபடி தென்மராட்சிக்கு நடந்தது. நாங்களும் நடந்தோம். ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் இடம் கிடைத்தது. நாள், கிழமை எல்லாம் குழம்பியிருந்த வேளையில் அம்மம்மா விரல்மடக்கி எண்ணினார். "இண்டைக்கு வியாழன் எல்லே? அப்ப ஆத்துமாக்கள் திருநாள்" என்றார். அப்புவின் கல்லறை சேமக்காலையில் தனியே கிடந்தது. மெழுகுதிரி கிடையாது. வீட்டுக்காரப் பெண் சைவம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தான் எரித்துக்கொண்டிருந்த ஜாம்போத்தல் விளக்கைக் கொண்டுவந்து தந்தாள். அன்று மண்ணெண்ணெய் என்ன விலை என்பது அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். அம்மம்மா அதை வேலியோரம் வைத்து மேற்கே பார்த்து முழங்காலிட்டார். உடுபுடவையைக்கூட ஒழுங்காக எடுத்துவர முடியாத அந்த ஓட்டத்தில், அவர் விடாமல் கொண்டுவந்தது இந்த நாட்கணக்கைத்தான்.

அம்மம்மா இன்று இல்லை. எனக்கு இன்றுள்ள கவலை வேறு. திருநாள்கள் நன்றாகவே நடக்கின்றன. திகதிகள் கைபேசியில் இருக்கின்றன. தபசுகாலத்தில் ஊருக்குப் போனபோது பிரசங்கம் ஒலிபெருக்கியில் கேட்டது. உள்ளே போய்ப் பார்த்தேன். வாசிப்பவர் யாரும் இல்லை, ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. முன்னர் வாசித்த மூப்பருக்குக் கண் மங்கிவிட்டது, அடுத்து வாசிக்க ஆளில்லை என்றார்கள். பதிவு இருப்பது நல்லதுதான். ஆனால் பதிவு எவருக்காகவும் மூச்சை நிறுத்துவதில்லை. எந்த இடத்தில் எந்தப் பெண் அழுகிறாள் என்று பார்த்து, அவள் ஆறும்வரை காத்திருந்து அடுத்த வரியை எடுப்பவர் அந்த மூப்பர். அந்த வித்தை புத்தகத்தில் அச்சாகவில்லை.

மூப்பருக்குக் கண்தான் மங்கியது, குரல் மங்கவில்லை. வரிகள் அநேகமாக மனப்பாடம். ஆகவே கத்தோலிக்க நேயர்களிடம், முக்கியமாக இளையவர்களிடம், ஒரு வேண்டுகோள். வரும் தபசுகாலத்தில் உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருந்தால், புத்தகத்தோடு அவர் பக்கத்தில் போய் இருங்கள். நீங்கள் வாசியுங்கள்; அவர் திருத்தட்டும். நாற்பது நாள் அதற்குப் போதும்.

கடிதம் எழுதிய நேயருக்கு என் நன்றி. அடுத்த பங்குனியில் முற்றத்துக்கு வந்து வானத்தைப் பாருங்கள். நிலவு வளர்ந்து வருகிறதென்றால், அயல்வீட்டுக் கத்தோலிக்கரிடம் பெருநாள் எப்போது என்று கேட்கும் காலம் வந்துவிட்டது. அந்த வீட்டில் ஒரு கிழவி இருந்தால் அவரிடமே கேளுங்கள்.