பிரேக் பெடல் உங்கள் காலுக்குப் பொருந்துகிறதா?

மண்வெட்டிக்குப் பிடி போடும்போது ஆளின் உயரத்தைப் பார்க்கிறோம். தெளிப்பானை முதுகில் மாட்டும்போது வாரை இழுத்து நமக்குத் தக்கபடி வைக்கிறோம். கோனோ வீடர் தள்ளுவதற்கு முன் கைப்பிடியை ஏற்றி இறக்கிப் பார்க்கிறோம். ஆனால், தினமும் ஏறி உட்காரும் மோட்டார் சைக்கிளை மட்டும் கடையில் கொடுத்தபடியே வருடக்கணக்கில் ஓட்டுகிறோம். வலது காலில் முழங்காலுக்குக் கீழே வலி வந்தால், வயதாகிவிட்டது என்று தைலம் தேய்த்துக்கொள்கிறோம். பல நேரம் கோளாறு காலில் இல்லை. பிரேக் பெடல் இருக்கும் உயரத்தில் இருக்கிறது.

அண்ணாகிராமம் வட்டாரத்தில் உர மூட்டை, பால் கேன், பண்ருட்டிக்குப் போகும் பலாப்பழம் எல்லாமே இரு சக்கர வண்டியில்தான் போகின்றன. அரவைப் பருவத்தில் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்களின் பின்னால் நாம் போக வேண்டியிருக்கிறது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடும். பெடல் எங்கே என்று தேடிக் காலைத் தூக்கி வைக்க அரை நொடி ஆனாலும், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே ஐந்தரை மீட்டர் போய்விடும். டிரெய்லரில் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்புக்கும் நம் முகத்துக்கும் இடையே உள்ள தூரம் அதுவாகவும் இருக்கலாம்.

முதலில் உட்கார்ந்து பாருங்கள்

வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, வழக்கமாகப் போடும் செருப்போடு உட்காருங்கள். உள்ளங்காலின் நடுப்பகுதி ஃபுட்ரெஸ்டில் இருக்கட்டும். இப்போது காலின் முன்பகுதி பெடலுக்குச் சற்று மேலே, அதைத் தொடாமல் நிற்க வேண்டும். காலை ஃபுட்ரெஸ்டிலிருந்து எடுக்காமல், கணுக்காலை மட்டும் மடக்கி அழுத்தினால் பிரேக் பிடிக்க வேண்டும்.

பிரேக் பிடிக்க முழுக்காலையும் தூக்க வேண்டியிருந்தால் பெடல் உயரம் அதிகம். அப்படிப்பட்ட வண்டியில் பாதத்தை எப்போதும் நிமிர்த்தியே வைத்திருப்போம்; காலின் முன்பக்கம் வலிப்பது அதனால்தான். அலுத்துப்போய்க் காலைப் பெடல் மேலேயே வைத்தால் பிரேக் உரசிக்கொண்டே ஓடும். பின்விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். பாதத்தை முழுதும் கீழே மடக்கியும் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றால், பெடல் தாழ்ந்திருக்கிறது அல்லது பிளே கூடியிருக்கிறது.

வரிசை மாறக் கூடாது

இங்கே சொல்வது பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டிகளுக்கு. இரண்டு ஸ்பேனரும் ஒரு ஸ்கேலும் போதும்.

1. உயரம்: பல வண்டிகளில் பெடல் மேலே வந்து முட்டி நிற்கும் இடத்தில் ஒரு சிறிய போல்ட்டும் லாக் நட்டும் இருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி, போல்ட்டைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து பாருங்கள். சரியானதும் லாக் நட்டை இறுக்கிவிடுங்கள். சில வண்டிகளில் இந்த வசதி இருக்காது. அவற்றில் பெடலைத் தட்டி வளைப்பது, வெல்டிங் வைப்பது இரண்டும் வேண்டாம்.

2. பிளே: பெடலைக் கையால் அழுத்தி, பிரேக் பிடிக்கத் தொடங்கும் வரை அதன் நுனி எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். பல வண்டிகளில் இது 20 முதல் 30 மி.மீ. வரை. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. பின்சக்கரத்தில் பிரேக் ராடின் முனையில் உள்ள நட்டை வலப்பக்கம் திருப்பினால் பிளே குறையும்; இடப்பக்கம் திருப்பினால் கூடும். நட்டில் உள்ள பள்ளம் பின்னின் மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

3. விளக்கு: பெடல் பிளேயைத் தாண்டி பிரேக் பிடிக்கத் தொடங்கும்போது பின்விளக்கு எரிய வேண்டும், காலை எடுத்ததும் அணைய வேண்டும். இல்லையென்றால் பிரேக் சுவிட்சின் நட்டைத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

ஏன் இந்த வரிசை? பெடலைத் தாழ்த்தும்போது ராடு இழுபட்டு பிளே தானாகவே குறைகிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் பிரேக் ஷூ டிரம்மில் உரசிக்கொண்டே ஓடும். டிரம் சுடும், ஷூ தேயும், பெட்ரோல் வீணாகும். வேலை முடிந்ததும் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். பிறகு ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, பிரேக் பிடித்துப் பாருங்கள்.

இடது காலுக்கும் இதே கணக்குதான். கியர் லீவர் மாட்டியிருக்கும் தண்டில் பற்கள் இருக்கும். போல்ட்டைக் கழற்றி, லீவரை ஒரு பல் ஏற்றியோ இறக்கியோ மாட்டி இறுக்கினால் போதும்.

எப்போது மெக்கானிக்கிடம் போக வேண்டும்?

125 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் சிபிஎஸ் அல்லது ஏபிஎஸ் கட்டாயமானது. சிபிஎஸ் உள்ள வண்டியில் கால் பிரேக்கை அழுத்தினால் முன்பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். அதனால் பெடலின் உயரத்தை மாற்றினால் முன்பக்கம் போகும் கேபிளையும் சரிபார்க்க வேண்டும். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். பின்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தாலும் அப்படியே.

டிரம்மின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். பெடலை முழுதாக அழுத்தும்போது அது பக்கத்தில் உள்ள அடையாளத்தைத் தொட்டுவிட்டால் ஷூ தேய்ந்துவிட்டது என்று பொருள். அதற்குமேல் நட்டை இறுக்கிப் பயனில்லை. ஷூவை மாற்ற வேண்டும்.

விவசாயிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

*அப்பா, மகன் இருவரும் ஒரே வண்டியை ஓட்டுகிறோம். யார் காலுக்கு வைப்பது?*

இருவரும் உட்கார்ந்து பாருங்கள். இருவருமே ஃபுட்ரெஸ்டிலிருந்து காலைத் தூக்காமல் அழுத்தக்கூடிய உயரத்தில் வையுங்கள். அப்படி அமையவில்லை என்றால், மூட்டை ஏற்றி அதிகம் ஓட்டுபவரின் காலுக்கு முதலிடம்.

*செயினை இறுக்கிய பிறகு பிரேக் உரசுகிறதே?*

செயினை இறுக்கும்போது சக்கரம் பின்னால் நகர்கிறது; ராடு இழுபட்டு பிளே குறைகிறது. ஒவ்வொரு முறை செயினைத் தொட்ட பிறகும் பெடலை அளந்து பாருங்கள்.

*வாய்க்கால் தண்ணீரில் இறங்கி ஏறியதும் பிரேக் பிடிப்பதில்லை. நட்டை இறுக்கலாமா?*

வேண்டாம். டிரம்முக்குள் ஈரம் போயிருக்கும். மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாகச் சில முறை அழுத்துங்கள். ஈரம் காய்ந்து பழையபடி பிடிக்கும்.

*பெடல் சரியாக இருந்தால் கால் பிரேக் மட்டும் போதுமா?*

போதாது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. அப்போது முன்பிரேக்தான் அதிகம் நிறுத்தும். நேரான, காய்ந்த சாலையில் இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். மணலிலும் சேற்றிலும் வளைவிலும் முன்பிரேக்கை மிக மென்மையாகப் பயன்படுத்துங்கள்.

சாகுபடி தொடங்கும் முன் தெளிப்பானையும் மோட்டாரையும் சரிபார்க்கிறோம் அல்லவா? அந்தப் பட்டியலில் பிரேக் பெடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செலவு ஏதுமில்லை, அரை மணி நேர வேலை.