தவறிய முகவரியும் தக்க மறுமொழியும்



பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், என் பழைய மாணவர் ஒருவரிடம் நான் மாணவனாக அமர்ந்து, வலைச் சர்வருக்கு நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். 2022-ஆம் ஆண்டில் ஒரு பள்ளியின் அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களைக் காட்டும் பக்கத்தை நானே எழுதினேன். முகவரியில் ‘மதிப்பெண்’ என்னும் சொல், சாய்கோடு, அதன்பின் தேர்வு எண். முதற்பகுதி மாறாதது, எண் ஆளுக்கு ஆள் மாறுவது. பிறர் பார்த்துவிடலாகாது என்று கருதிப் பெயரைக் காட்டாமல் விட்டேன்.

ஒரு மாணவியின் எண் 240. அவள் தந்தையார் கைப்பேசியில் சுழியத்துக்குப் பதிலாக ஆங்கில ‘ஓ’ எழுத்தைத் தட்டிவிட்டார். பக்கம் மறுக்கவில்லை, மதிப்பெண்களைக் காட்டியது. இரண்டு பாடங்களில் தோல்வி! அன்றிரவு அப்பெண் உணவு கொள்ளவில்லை என்று மறுநாட் காலையில் தந்தையார் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சொன்னார். உண்மையில் அவள் எல்லாப் பாடங்களிலும் தேறியிருந்தாள். அவர் கண்டவை 24-ஆம் எண்ணுக்குரிய மதிப்பெண்கள்.

இது எவ்வாறு நேர்ந்தது? ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ‘பார்ஸ்இன்ட்’ என்றொரு செயற்கூறு உண்டு. எழுத்துச் சரத்தை அது இடமிருந்து படிக்கும். இலக்கம் அல்லாத ஒன்று வந்தவுடன் நின்றுவிடும். அதுவரை படித்ததையே எண் என்று தரும். குறை ஒன்றும் கூறாது. அதனை நம்பியது என் பிழை. சரம் முழுவதும் இலக்கமா என்று முதலில் பார்த்திருத்தல் வேண்டும். பின்னரே எண்ணாக மாற்றி, அவ்வெண் பதிவேட்டில் உண்டா என்று தேடுதல் வேண்டும். இந்த வரிசை மாறலாகாது.

தவறுகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. தலைமையாசிரியர் அறைக்கு ஒருவர் வந்து, பொருள் விளங்காத ஒன்றைக் கேட்டால், “தாங்கள் கேட்பது புரியவில்லை” என்போம். அது 400. தெளிவாகவே ஒரு மாணவன் பெயரைச் சொல்கிறார். அப்படி ஒருவன் இல்லை. அது 404. படித்தவன்தான், மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்றுவிட்டான் என்றால் அது 410. முதலிரண்டும் 1996-இல் வெளியான எச்.டி.டி.பி. 1.0 ஆவணத்திலேயே உள்ளன. மூன்றாவது அடுத்த ஆண்டு 1.1 ஆவணத்தில் வந்தது. சிலர் “பக்கம் இல்லை” என்று எழுதிவிட்டு, குறியீடாக 200, அதாவது ‘எல்லாம் நலம்’ என்று அனுப்புகின்றனர். தேடுபொறி அந்த வெற்றுப் பக்கத்தையும் மெய்ப்பக்கமாக எண்ண நேரிடும்.

தமிழில் முகவரி எழுதுவோர் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். ‘அ’ என்னும் ஓரெழுத்து, யூ.டி.எஃப்-8 முறையில் மூன்று பைட்டுகள். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் ஈரிலக்கமுமாக, ஆக ஒன்பது குறிகளாகச் செல்லும். படியெடுக்கையில் வால் அறுந்தால் அதனை மீட்டுப் படிக்க இயலாது. ஜாவாஸ்கிரிப்ட் பிழையை எழுப்பும். எக்ஸ்பிரஸ் போன்ற சட்டகம் அதனைப் பிடித்து 400 என விடையிறுக்கும். சட்டகமின்றி நோடில் நேரே எழுதி, பிழையைப் பிடிக்காது விட்டால், சர்வர் நிரலே நின்றுபோகும். ஒருவர் அனுப்பிய அரைகுறை முகவரியால் ஊரார் அனைவருக்கும் கதவு சாத்தப்படுகிறது!

மறுமொழியில், வந்த தவறான முகவரியை அப்படியே திருப்பி அச்சிடுவதும் தீது. அதனுள் எவரேனும் நிரல்துண்டைப் புகுத்தியிருந்தால், படிப்பவருடைய உலாவியில் அது இயங்கிவிடும்.

என் பக்கத்தை அன்றே திருத்தினேன். “தேர்வு எண்ணில் எழுத்து ஒன்று கலந்துள்ளது, இலக்கங்களை மட்டும் தருக” என்னும் அறிவிப்பும் சேர்த்தேன். அடுத்த தேர்வின்போது சர்வரின் குறிப்பேட்டைப் புரட்டினேன். சுழியத்துக்கு ‘ஓ’ தட்டியவர் ஒருவர் அல்லர், பலர்.